குறிச்சியில் ஒரு தண்ணீர் வளையம்

கோவை குறிச்சி சிட்கோவில் இண்டக்‌ஷன் ஹார்டனிங் ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைக்குள் யார் போனாலும் கண் முதலில் செம்புக் காயிலில்தான் நிற்கும். பம்ப் ஷாஃப்ட் ஒன்று சுழன்றபடியே காயில் வழியாக மெல்லக் கீழிறங்குகிறது. காயிலுக்குள் வரும் இடம் மட்டும் சில நொடிகளில் ஆரஞ்சாகிவிடுகிறது. 900 டிகிரியை ஒட்டிய சூடு. நான் பார்க்கப் போனது அதற்குச் சற்றுக் கீழே இருக்கும் வளையத்தை.

வளையத்தின் உள்சுவர் முழுக்க இரண்டு மில்லிமீட்டர் துளைகள். சிவந்த பகுதி அங்கே இறங்கியதும் ஒவ்வொரு துளையிலிருந்தும் தண்ணீர் கம்பிபோல் பாய்ந்து மோதுகிறது. துளைகள் கீழ்நோக்கிச் சாய்வாகப் போடப்பட்டவை. நேராகப் போட்டால் தெறிக்கும் தண்ணீர் மேலேறி, சூடாகிக்கொண்டிருக்கும் இடத்தைக் கெடுத்துவிடும்.

தொட்டியில் முக்கி எடுத்தால் போதாதா? நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் உடனே ஆவியாகாமல் முத்து முத்தாக ஓடும். அடியில் உண்டாகும் நீராவிப் படலம் அதைக் கல்லில் ஒட்டவிடுவதில்லை. சிவந்த எஃகிலும் இதேதான் நடக்கும். வேகமாக மோதும் தாரை அந்தப் படலத்தைக் கிழித்து உலோகத்தைத் தொட்டுவிடும். சட்டென்று குளிர்ந்தால்தான் மேல்தோல் மார்டென்சைட் என்ற கடினமான அமைப்பாக மாறும். ஷாஃப்டின் நடுப்பகுதி அவ்வளவாகச் சூடாவதில்லை. அதனால் அது அடி தாங்கும் குணத்தோடு அப்படியே இருக்கும்.

ரொம்ப வேகமாகக் குளிர்ந்தாலும் விரிசல் விழும். அதற்காகத் தண்ணீரில் பாலிமர் கலக்கிறார்கள். அது உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். அளவு சரியா என்று ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறார்கள். தரையெல்லாம் பிசுபிசுப்பு, செருப்பு ஒட்டிக்கொண்டு வருகிறது.

மெஷினை நிறுத்திய ஆபரேட்டர் வளையத்தைக் கழற்றி ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். வெளிச்சம் வராத துளைகளில் மெல்லிய கம்பியை விட்டுக் குத்தினார். உள்ளிருந்து கறுப்பாகச் செதில் வந்தது, சூடான எஃகிலிருந்து உரிந்தது. பிறகு ரிஜெக்ட் ஆன ஷாஃப்ட் ஒன்றைக் காட்டினார். அதன் மேல் மங்கலாக ஒரு திருகு தடம்.

"சுத்தற ஸ்பீடும் கம்மியாயி ஓட்டையும் அடைச்சுக்கிச்சுன்னா இப்பிடித்தானுங்க சார் வரும். பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும். ராக்வெல்லுல வெச்சா தெரிஞ்சுபோயிருமுங்க."

கடினத்தன்மை அளக்கும் அந்த மெஷினில் வைத்துக் காட்டினார். தடத்துக்கு வெளியே 54. தடத்தின் மேல் 40ஐத் தாண்டவில்லை. சுழற்றாமல் ஹார்டனிங் செய்யும் பாகமென்றால் நிலைமை இன்னும் மோசம். அடைத்த துளைக்கு நேரே சாஃப்ட் ஸ்பாட் விழுந்துவிடும்.

ஜெட் எஞ்சின் பிளேடுகளையும் இதேபோல் காற்றுத் தாரை மோதவிட்டு உள்ளிருந்து குளிர்விக்கிறார்கள். கணினிச் சில்லுகளுக்கும் இதே வழியை முயல்கிறார்கள். இதைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. துளை அடைத்தால் யார் குத்துவது என்பதைத்தான் அவற்றில் நான் அதிகம் படித்ததில்லை. இங்கே அந்த ஆள் இருக்கிறார், ஆனால் அவர் குத்தும் நேரம் எந்த பில்லிலும் ஏறுவதில்லை. கூலி பீஸுக்கு இவ்வளவு என்றுதான். மெஷின் நின்றால் முதலாளிக்கும் முகம் சுருங்குகிறது. அவசரமான நாளில் முதலில் தள்ளிப்போவது இந்த வேலைதான்.

ஷாஃப்ட் கொண்டுவந்து கொடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரேட் பேசும்போது வளையத்தைக் கடைசியாக எப்போது கழற்றினார்கள் என்றும் கேளுங்கள். அதற்கான நேரத்துக்கும் சேர்த்துக் காசு கொடுங்கள்.