பேரெழுத்தும் சிற்றெழுத்தும்

தமிழ் நெடுங்கணக்கிலே குறிலும் நெடிலும் உண்டு. வன்மையும் மென்மையும் உண்டு. ஆனால் உயர்ந்த எழுத்து, தாழ்ந்த எழுத்து என்ற பேதம் இல்லை. அரசனின் பெயரும் ஆட்டின் பெயரும் ஒரே அளவான எழுத்திலேயே எழுதப்படுகின்றன. ஆகவே ஆங்கிலம் கற்கப் புகும் தமிழ் மாணவனுக்குப் பேரெழுத்து என்பது அந்நிய வீடொன்றின் ஆசாரம் போலவே முதலிற் தோன்றுகின்றது. எவர் வரும்போது எழுந்து நிற்க வேண்டும், எவர் வரும்போது அமர்ந்திருக்கலாம் என்பது அவனுக்கு எளிதில் விளங்குவதில்லை.

பாசிக்குடாவிலிருந்து வந்த கலைப்பீட மாணவன் ஒருவனுக்கு நேர்ந்ததும் இதுவே. முதலாண்டு ஆங்கில வகுப்பிலே தன் ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுமாறு பணிக்கப்பட்டான். வெகுதூரம் நடந்து செல்லக்கூடிய ஆழமற்ற குடாவையும், அயலில் உள்ள கல்குடாவையும், 2009 இல் யுத்தம் முடிந்தபின் கரையோரம் எழுந்த விடுதிகளையும் எழுதினான். பின்னர், 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையிற் கடல் எழுந்து வந்ததையும் எழுதினான். அன்று அவன் பத்து மாதக் குழந்தை. அவனைத் தூக்கிக்கொண்டு அம்மம்மா ஓடினார். பின்னால் வந்த தாயார் கரை சேரவில்லை.

கட்டுரை சிவப்பு மையுடன் திரும்பி வந்தது. டிசெம்பரும் ஞாயிற்றுக்கிழமையும் சிற்றெழுத்திலிருந்து பேரெழுத்துக்கு உயர்த்தப்பட்டிருந்தன. சுனாமி பேரெழுத்திலிருந்து இறக்கப்பட்டிருந்தது. 'என் தாய்' என்று பொருள்படும் 'மை மதர்' என்ற தொடரில், 'மதர்' என்பதன் முதலெழுத்து மூன்று இடங்களில் வட்டமிடப்பட்டிருந்தது.

விரிவுரையாளர் பொறுமையாக விளக்கினார். மாதமும் கிழமையும் சிறப்புப்பெயர்கள், சுனாமி பொதுப்பெயர். கடல் என்று வாளா கூறினாற் சிற்றெழுத்து. இந்து சமுத்திரம் என்று பெயர் சுட்டினால் இரு சொற்களுக்கும் பேரெழுத்து. "தாயைப் பெயர் சொல்வது போல 'மதர்' என்று அழைத்தால், தம்பி, பேரெழுத்து. 'என்னுடைய' என்று முன்னே வந்தால் அது உறவைக் குறிக்கும் பொதுச்சொல். அங்கே சிற்றெழுத்துத்தான் வர வேண்டும்."

"நான் அவரை ஒரு நாளும் அழைத்ததில்லை, சேர்," என்றான் மாணவன். "அப்படியானால் எனக்கு அந்தச் சொல் எப்போதும் சிற்றெழுத்துத்தானா?"

விரிவுரையாளர் சற்று நேரம் பேசவில்லை. "விதி சொல்லுக்குத்தான், தம்பி, ஆளுக்கு அல்ல," என்றார்.

அந்த விடை அவனை நூலகத்துக்கு அனுப்பியது. உரோமர் கல்லிலே வெட்டியவை பேரெழுத்துக்களே என்பதையும், விரைந்தெழுதிய கைகளிலே சிற்றெழுத்துத் தோன்றி, எட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் சார்லிமேன் மன்னன் காலத்திலே ஒழுங்கு பெற்றதையும் அவன் அறிந்தான். 1726 இல் வெளிவந்த 'கலிவரின் பயணங்கள்' முதற்பதிப்பிலே பொதுப்பெயர்களும் பேரெழுத்துடன் அச்சிடப்பட்டன. அந்த வழக்கத்தின்படி தாயும் தந்தையும் 'என்' என்ற சொல்லுக்குப் பின்னாலும் பேரெழுத்தையே பெறுவர். அந்நூற்றாண்டு முடிவதற்குள் ஆங்கிலத்தில் அவ்வழக்கம் தேய்ந்தது. டேனிய மொழி 1948 இல் அதனைக் கைவிட்டது. ஜேர்மன் மொழி இன்றும் பேணுகின்றது. அவனுடைய பிழை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் பிழையன்று.

'நான்' என்று பொருள்படும் 'ஐ' எங்கு வரினும் பேரெழுத்துப் பெற, 'நீ' என்பது சிற்றெழுத்தில் நிற்பதும் அவனை முதலில் வருத்தியது. தனித்து நிற்கும் அச்சிறு கோடு கையெழுத்துப் பிரதிகளிற் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதே அதற்குக் கூறப்படும் காரணம்; அதிற் செருக்கு எதுவும் இல்லை. தமிழோ மரியாதையைச் சொல்லின் தலையில் வைக்காமல் இறுதியில் வைத்தது. 'தாயார் வந்தார்' என்னும்போது இரு சொற்களின் ஈறுகளும் பணிந்து நிற்கின்றன.

தொல்காப்பியத்தின் விளிமரபைப் படித்தபோதுதான் அவன் தேடியது கிடைத்தது. ஐகாரத்தில் முடியும் முறைப்பெயர்கள் விளிக்கப்படும்போது ஆகாரம் பெறுவதும் உண்டு என்கிறது அந்நூல். அன்னை 'அன்னா' ஆவது போல, அம்மை 'அம்மா' ஆகின்றாள். அப்படியாயின் 'அம்மா' என்பதே ஒரு விளி. 'என் அம்மா' என்று பிறரிடம் கூறும்போதும் அச்சொல்லின் உள்ளே ஓர் அழைப்பு இருக்கின்றது. அம்மம்மாவிடம் தாயைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு வேளையும், தன்னை அறியாமலே, அவன் அவரை அழைத்தே வந்திருக்கிறான்.

கட்டுரையைத் திருத்தி எழுதினான். டிசெம்பர் பேரெழுத்தில் நின்றது. சுனாமியும் தாயும் சிற்றெழுத்தில் நின்றனர். ஆங்கிலத்தின் விதியோடு அவனுக்கு இப்போது வழக்கு எதுவும் இல்லை. அந்த விடுமுறைக்கு ஊர் சென்றபோது, அதே கட்டுரையைத் தமிழில் எழுதி அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினான்.