கற்பி என்றால் படி அல்ல

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு குடியிருப்பில் மாலை வகுப்பு எடுக்கிறேன். சுவரில் அண்ணல் அம்பேத்கர் படம். கீழே ‘கற்பி, ஒன்று சேர், புரட்சி செய்’. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “அக்கா, நாங்கதான படிக்கணும்? அப்போ ‘கல்’னுதான இருக்கணும்?”

உடனே பதில் வரவில்லை. சமூகவியலில் முதுகலை முடிக்கும்வரை நானும் அதை ‘நல்லா படி, வேலைக்குப் போ’ என்றுதான் புரிந்துவைத்திருந்தேன்.

1942 ஜூலையில் நாக்பூரில் நடந்த அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மாநாட்டில் அண்ணல் சொன்ன மூன்று சொற்களில் முதலாவது ‘எஜுகேட்’. படிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டடி’, ‘லேர்ன்’ என்று வேறு சொற்கள் உண்டு. ‘எஜுகேட்’ என்றாலோ ‘யாரை?’ என்ற கேள்வியும் கூடவே வரும். நம் இலக்கணத்தில் ‘கல்’ தன்வினை, ‘கற்பி’ பிறவினை. தமிழாக்கியவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். நாம்தான் தவறாகப் படித்தோம்.

ஆவடியிலும் பூந்தமல்லியிலும் எனக்குத் தெரிந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள் சிலர், தாங்கள் வளர்ந்த தெருவின் பெயரைச் சொல்லவே தயங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தயக்கத்தைக் கொடுத்தது சாதி. ஆனால் தோழர்களே, தனியாகப் படித்தவர் தனியாகவே மேலே போவார். ஒன்று சேர்வதற்கு யாராவது யாருக்காவது கற்பித்திருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. ஏழாம் வாய்ப்பாட்டில் திணறிக்கொண்டிருந்த சிறுவனைக் காட்டி, “இவனுக்குச் சொல்லிக் குடு” என்றேன்.

ஜெய் பீம்.