பிச்சாவரத்தின் பழங்குடிகள்

சிதம்பரத்தினின்று கிழக்கே கிள்ளை வழியாக ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றால் வயல்வெளிகள் முடிந்து உப்பங்கழிகள் தொடங்குகின்றன. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இவ்விரு முகத்துவாரங்களுக்கு இடையே பரந்து கிடப்பதே பிச்சாவரம் அலையாத்திக் காடு. படகில் ஏறி ஓடைகளுக்குள் நுழைந்தால், இருமருங்கிலும் சுரபுன்னை மரங்கள் தம் வேர்களை நீரில் ஊன்றி நிற்பதைக் காண்கிறோம். சிதம்பரத்துக்குத் தன் பெயரை ஈந்த தில்லை மரமும் இங்கு வளர்கின்றது.

1975இல் வெளிவந்த 'இதயக்கனி' திரைப்படம் இக்காட்டை நாடறியச் செய்தது. 2022இல் ராம்சார் ஒப்பந்தத்தின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் இது அறிவிக்கப்பெற்றது. விடுமுறை நாட்களில் படகுத்துறை நிரம்பி வழிகின்றது. நம் பங்குகளிலிருந்தும் குடும்பங்கள் செல்வதுண்டு.

ஆனால் படகில் செல்வோர் கண்ணில் எளிதில் படாத மக்கள் சிலர் இங்குளர். அவர்களே இருளர். கழுத்தளவு நீரில் அமர்ந்து, சேற்றைக் கைகளால் துழாவி இறால் பிடிப்பது அவர்தம் தொழில். பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வர். வலையில்லை, பெரும் படகுமில்லை; இந்த நீரே அவர்களுக்கு வயல்.

வெள்ளையர் காலந்தொட்டுப் பகுதி பகுதியாக மரங்களை முற்றும் வெட்டியமையால், இக்காடு பல இடங்களில் பட்டுப்போயிற்று. மண் தாழ்ந்தது, நீர் தேங்கியது, உப்பு மிகுந்தது. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டிக் காட்டை மீட்க முற்பட்டபோது, மண் வெட்டிக் கன்று நட்டவருள் இருளரும் இருந்தனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. கடலூர் மாவட்டக் கரையில் ஆய்வு செய்த அறிஞர்கள், திறந்த கரையிலிருந்த இரு சிற்றூர்கள் அழிந்ததையும், அலையாத்திக்குப் பின்னிருந்த மூன்று ஊர்கள் தப்பியதையும் மறு ஆண்டில் எழுதி வைத்தனர்.

இத்தகைய அழகே மக்களுக்கு ஆபத்தாவதும் உண்டு. இலங்கையின் கீழ்க்கரையில், குமண வனவிலங்குப் பூங்காவுக்கு அருகே பாணமை என்னும் ஊர் உளது. கதிர்காமம் செல்லும் பாதயாத்திரிகர் கடந்து செல்லும் ஊர் அது. சேனைப் பயிரும் மீன்பிடியும் அம்மக்களின் பிழைப்பு. 2010 ஜூலையில் முகமூடி அணிந்த ஆயுததாரிகள் வந்து குடிசைகளைக் கொளுத்தினர். ஏறத்தாழ 350 குடும்பங்கள் நிலமிழந்தன. அந்நிலம் படையினர் வசமாயிற்று. கடற்படையினரின் உல்லாச விடுதியும் அங்கு எழுந்தது. 2015 பிப்ரவரியில் 340 ஏக்கரைத் திருப்பித் தர அமைச்சரவை முடிவெடுத்தது. அதன்பின்னும் மக்கள் காத்திருக்க நேர்ந்தது. விருந்தினருக்கு இடம் தேடியபோது, வீட்டுக்காரரை யாரும் கேட்கவில்லை.

பிச்சாவரத்துக்கு அந்நிலை வராதிருக்க வழியுண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டுநீர்நிலைகளில் மீன் பிடிக்கும் சமூக உரிமையை ஏற்கின்றது. உரிமை விசாரணை முடியுமுன் எவரையும் வெளியேற்றலாகாது என்றும் விதிக்கின்றது. ஆனால் விண்ணப்பம் எழுதவும் சாதிச் சான்று பெறவும் இயலாதவனுக்குச் சட்டம் ஏட்டளவிலேயே நிற்கும். அங்கே படித்தவர் துணை தேவைப்படுகின்றது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், பழங்குடியினரின் நிலத்தைத் தொடும் பெருந்திட்டங்களில் அவர்களையே முதன்மையாகக் கலந்து பேச வேண்டுமெனப் பணித்தார். சுற்றுலா வேண்டாமென்று நாம் கூறவில்லை. படகோட்டும் ஏழைக்கும் அதனால் கூலி கிடைக்கின்றது. புதிய விடுதியோ துறையோ எழுப்பப்படுமாயின், இறால் துழாவும் ஓடை அடைபடுமா, குடியிருப்பு பெயர்க்கப்படுமா என்று கிராமசபையில் முன்கூட்டியே கேட்கப்பட வேண்டும் என்பதே நம் கருத்து.

அன்பர்களே, அடுத்த முறை பிச்சாவரம் செல்கையில் நெகிழிக் குப்பையை நீரில் எறியாதீர். இருளர் பெண்கள் விற்கும் இறாலைப் பேரம் பேசாது வாங்குங்கள். அவர்தம் பிள்ளைகள் பள்ளி செல்கின்றனரா என்று விசாரியுங்கள். உங்களுள் அரசு அலுவலர் எவரேனும் இருப்பின், உங்கள் மேசைக்கு வரும் அவர்களின் மனுவைக் கிடப்பில் போடாதீர்.