பதினைந்தாவது மட்டை

இது கோல்ஃப் பற்றிய பதிவு. விளையாடாதவர்களும் வாசிக்கலாம், கொஞ்சம் கணக்கும் இருக்கிறது.

நானா கட்டாரில் 11 வருடம் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரித்தவர். ஊர் திரும்பும்போது, அங்கு விளையாடும் வயதான ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் தன் பழைய பையை மட்டைகளோடு கொடுத்துவிட்டார். சகோதரர்கள் நாங்கள் இருவரும் விளையாடப் பழகியது அந்தப் பையால்தான். எங்களில் ஒருவருக்குப் புல் தெரியும், மற்றவர் பாடசாலையில் கணிதம் படிப்பிப்பவர்.

போன ஏப்ரல் விடுமுறையில் நுவரெலியா போய் ஒரு றவுண்ட் விளையாடத் தீர்மானித்தோம். 1889இல் தொடங்கிய கழகம் அது, பட்டணத்துக்கு நடுவிலேயே மைதானம். முதல் நாள் இரவு பையை ஒழுங்குபடுத்தி மட்டைகளை எண்ணினால் 15. சட்டம் அனுமதிப்பது 14தான். கூடுதலாக ஒன்று இருந்தால் ஒரு குழிக்கு இரண்டு அடி தண்டனை, ஒரு றவுண்டுக்கு ஆகக் கூடியது நான்கு. எங்களைச் சோதிக்க அங்கு யாரும் வரப்போவதில்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தானே.

எதை விடுவது? பையில் ஒரு 64 பாகை வெட்ஜ் இருந்தது. வழமையான சேண்ட் வெட்ஜ் 56 பாகை, லொப் வெட்ஜ் 60 பாகை அளவில் வரும். 64 அதற்கும் மேலே. முகம் வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும். அடித்தால் பந்து செங்குத்தாக ஏறி, விழுந்த இடத்திலேயே நிற்கும். பங்கருக்கு அப்பால், கிறீனின் ஓரத்திலேயே கொடி நின்றால் இதைப்போல ஒரு மட்டை இல்லை.

பெரிய ஆட்டக்காரர்கள் இப்படியானவற்றால் வென்றிருக்கிறார்கள். 1992 அமெரிக்க ஓப்பனின் கடைசி நாளில் டொம் கைட், பெபிள் பீச்சின் 7ஆம் குழியில் கிறீனுக்கு வெளியே இருந்து 60 பாகை வெட்ஜால் நேரே குழிக்குள் போட்டார். பில் மிக்கல்சன் 64ஐயும் சில போட்டிகளுக்குக் கொண்டுபோனவர்.

"தம்பி, 4ஆம் இரும்ப வெச்சிட்டுப் போவோம். இது அந்த மனிசன்ட ஞாபகம் ஈக்கிற சாமான்" என்றார் நானா.

அதிகாலை சுபஹுக்குப் பின் பக்கத்து மைதானத்துக்குப் போனோம். 20 யார் தூரத்தில் ஒரு சாரத்தை விரித்து, 56ஆல் 30 பந்து, 64ஆல் 30 பந்து அடித்து, சீ.ஆர். கொப்பியில் குறித்தோம். சாரத்தின் மேலேயே நின்றவை: 56இல் 2, 64இல் 5. முற்றாகப் பிழைத்தவை: 56இல் 2, 64இல் 9.

பிழைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சாய்வு கூடக்கூட அடியின் வேகம் உயரத்துக்கே செலவாகும். அதனால் சிறிய தூரத்துக்கும் பெரிதாக வீச வேண்டும், வீச்சு பெருக்கப் பிழையும் பெருகும். பந்து புல்லின் மேலே மிதந்தால் மட்டை அடியால் வழுக்கிப்போய், பந்து காலடியிலேயே விழும். கீழ் விளிம்பு பந்தின் நடுவில் பட்டால் கிறீனைத் தாண்டி ஓடிவிடும். எங்கள் மட்டையின் அடிப்பாகம் மெல்லியது. நுவரெலியாவின் ஈர மண்ணில் அது குத்தி இறங்கிவிடும் என்று நானாவே ஒத்துக்கொண்டார்.

ஆனாலும் எங்கள் மனதில் நின்றது அந்த 5 பந்துகள்தான். கொப்பியில் எழுதாமல் விட்டிருந்தால் அந்த 9ஐயும் மறந்திருப்போம். 64ஐ வீட்டில் வைத்துவிட்டுப் போனோம்.

ஒரு குழியில் பந்து பங்கருக்குப் பின்னால் விழுந்தது. அப்பால் ஐந்து எட்டில் கொடி. 64 பிறந்ததே அந்த அடிக்காகத்தான். நாங்கள் 56ஆல் அடித்தோம், பந்து கிறீனின் மறுகரைக்கு உருண்டது, அங்கிருந்து குழிக்குள் தள்ள இரண்டு அடி. நானா ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் நெஞ்சில் ஏதோ செய்தது உண்மை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதைப் பற்றித்தான் கதைத்தோம். அந்த ஒரு அடியில் நாங்கள் இழந்தது அதிகம் போனால் ஒரு புள்ளி. 4ஆம் இரும்பை அன்று ஆறு தடவை எடுத்தோம், மரங்களுக்கு நடுவில் ஒடுங்கிய பாதைகளில் அதுதான் காப்பாற்றியது. பையில் இடம் கொடுக்க வேண்டியது எங்கள் சாதாரண நாளுக்கு உதவுகிற மட்டைக்கு. எங்கள் மிகச் சிறந்த நாள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

கிழமைக்கு இரண்டு மூன்று நாள் பழக முடிந்தவர்கள் 64ஐத் தாராளமாகக் கொண்டுபோகலாம். மாதம் ஒருமுறை விளையாடுகிற எங்களைப் போன்றவர்களுக்கு 56 போதும், ஆசைப்பட்டால் 60.

ஸ்கொட்லாந்துக்காரரின் ஞாபகம் வீணாகவில்லை. அஸருக்குப் பிறகு நானா முற்றத்தில் அந்த 64ஆல் வேலிக்கு மேலால் பந்தைத் தூக்கிப்போடப் பழகுகிறார். கொப்பி இன்னும் திறந்தே இருக்கிறது. 30இல் 9 என்பது 3ஆகக் குறைந்தால், இன்ஷா அல்லாஹ், அடுத்த ஏப்ரலில் திரும்பவும் எண்ணிப்பார்ப்போம்.