கச்சிராயபாளையம் தாண்டி, மலைக்குள் ஒரு வயல்வெளி

கள்ளக்குறிச்சி தரைநாட்டு ஊர். கரும்பு, நெல், மக்காச்சோளம் என்று சுற்றிலும் சமதளம். ஆனாலும் பெயரின் கடைசியில் 'குறிச்சி' ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழந்தமிழில் அது மலைக்குடிகள் வாழும் ஊரைக் குறிக்கும் சொல். பேருந்து நிலையத்தின் இரைச்சலைக் கடந்து மேற்கே பார்த்தால், அந்தச் சொல்லுக்குரிய மலை நீலமாக நிற்கிறது. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனபோது, கல்வராயன் மலையின் கிழக்குப் பாதியும் இந்த ஊரோடு வந்தது. மேற்குப் பாதி சேலத்துக்காரர்களுடையது. கருமந்துறை பக்கமாக ஏறுகிறவர்கள் அவர்கள்.

நான் கச்சிராயபாளையம் வழியாகப் போனேன். அங்கே கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதால் அரவைக் காலத்தில் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால்தான் பேருந்து ஊர்ந்து போகும். அதைத் தாண்டினால் கோமுகி அணை. மலையில் பெய்த மழை இங்கே சற்று நின்று, வயல்களுக்குப் பாய்ந்து, மணிமுத்தாற்றோடு கலந்து, வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. கீழே உழுகிறவருக்கு மேலே இருப்பவர் என்ன செய்கிறார் என்பது பொருட்படுத்தத் தக்க விஷயம் என்பதை அந்த அணைக்கரையில் நின்றபோது உணர்ந்தேன்.

அணையை விட்டதும் கொண்டை ஊசி வளைவுகள். மலை ஏறினால் உச்சி வரும் என்று நாம் எதிர்பார்ப்போம். கல்வராயனில் ஏறி முடித்ததும் பள்ளத்தாக்கு வருகிறது! 2000 அடியிலிருந்து 4000 அடி வரை உயரும் மலைகள், நடுவில் தட்டையான வெளிகள், ஓடையோரம் நெல் வயல், சரிவில் சாமை, வீட்டோரம் பலாவும் புளியும். கரியாலூரில் பூங்காவும் படகுத்துறையும் உண்டு. வருகிறவர்கள் அங்கே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பெரியார் அருவியிலோ மேகம் அருவியிலோ குளித்து, சாயங்காலத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள். அருவி அழகுதான். ஆனால் வெள்ளிமலையிலிருந்து இன்னாடு, சேராப்பட்டு பக்கம் பிரியும் சாலைகளில் மெதுவாக நடந்தால் கிடைப்பது வேறு. என்னைக் கேட்டால் அருவிக்கு ஒரு மணி நேரம், வயலுக்கு ஒரு நாள்.

புரட்டாசிக் கடைசியில் போயிருந்தேன். சாமைக் கதிர்கள் தலை கவிழ்ந்திருந்தன. ஒரு புஞ்சையின் ஓரம் நின்று பார்த்தபோதுதான் அது சாமை மட்டும் இல்லை என்று தெரிந்தது. ஊடே துவரை, விளிம்பில் கொஞ்சம் கேழ்வரகு, வேலியில் அவரைக்கொடி. ஒன்று அறுவடையாகும்போது இன்னொன்று பூக்கும். மழைக்காலத்தில் மண் வெறுமனே கிடக்காது.

இது ஏன் முக்கியம் என்பதற்கு மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் ஓர் ஒப்பீடு. நம்மவர்கள் நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகளுக்கு முன் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போன ரீயூனியன் ஓர் எரிமலைத் தீவு. அதன் சலாசி பள்ளத்தாக்கில் பந்தல் பந்தலாகச் சௌசௌ காய்க்கிறது. எரிமலைப் பாறை புதியது, மழையில் பொடிந்து சத்துள்ள மண்ணாகிக்கொண்டே இருக்கும். கல்வராயனின் பாறையோ சார்னோகைட். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை கொண்டது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போட்ட கல் இந்த வகையைச் சேர்ந்தது என்பதால் வந்த பெயர். இந்தப் பாறை மண்ணாக யுகங்கள் ஆகும். சரிவில் இருக்கிற சாணளவு செம்மண் ஒரு பெருமழையில் இறங்கிவிட்டால், பேரன் காலத்திலும் திரும்பாது. இங்கே விவசாயம் நிதானமாக நடப்பதற்கு அடியில் இந்தக் கணக்கு இருக்கிறது.

அந்தக் கணக்கை இப்போது மரவள்ளி கலைக்கிறது. குச்சியை நட்டு முளைக்க வைப்பதால் இந்தப் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்பார்கள். பத்து மாதத்தில் பிடுங்கி லாரியில் ஏற்றினால் ஆத்தூர், சேலம் பக்கத்துச் சேகோ ஆலைகள் வாங்கிக்கொள்ளும். கையில் ரொக்கம் வரும். சாமையை உரலில் குத்திப் புடைத்து வாழ்ந்த குடும்பத்துக்கு அந்த ரொக்கம் பள்ளிக்கூடச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நட்ட முதல் மாதங்களில் நிலம் மொட்டையாக மழையை வாங்குகிறது, பிடுங்கும்போது மண் மறுபடியும் குலைகிறது. சாமைக்கும் துவரைக்கும் மலையிலேயே நியாயமான விலை கிடைத்தால் சரிவுகளை அவர்களே காப்பாற்றிக்கொள்வார்கள்.

இங்கே வாழ்கிற பழங்குடியினர் மலையாளிகள். மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில். கேரளத்துக்கும் இவர்களுக்கும் உறவில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்று மூன்று ஜாகிர்களாக, அதாவது பரம்பரை மானியங்களாக, மலை பிரிந்து கிடந்தது. கிருஷ்ணதேவராயர் கொடுத்தது என்பார்கள். ஜமீன்கள் ஒழிந்து கால் நூற்றாண்டு ஆன பிறகும் இந்த ஜாகிர்கள் நீடித்தன. 1976இல்தான் அரசு எடுத்துக்கொண்டது. சாலையும் பள்ளியும் பட்டாவும் இங்கே தாமதமாக வந்ததை அந்த ஆண்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஆண்கள் பலர் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் மிளகு, காப்பித் தோட்ட வேலைக்குப் போவதையும் அப்படித்தான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாராயம் காய்ச்சுகிற இடம் என்று உடனே எல்லோருடைய விரலும் மலையை நோக்கி நீண்டது. அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ஒரு மலையைப் பற்றி நாடு விசாரிக்க அத்தனை சாவு விழ வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சேராப்பட்டுச் சாலையில் ஒரு திண்ணையில் உட்காரச் சொன்னார் ஓர் ஆயா. முறத்தில் கடுக்காய் காய்ந்துகொண்டிருந்தது. தோல் பதனிடவும் மருந்துக்கும் போகும் காய். காட்டில் பொறுக்கி வருகிறார்கள். பேருந்துக்கு நேரமாகிறது என்று எழுந்தேன்.

"அது வர்றப்ப வரும். உக்காரு தம்பி" என்றவர் சாமைச் சோறும் புளிக்கொழம்பும் போட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். சாமை அரிசி விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டேன்.

"இது போன வருசத்து மிச்சம், வீட்டுக்கே பத்தாது. இன்னும் அறுக்கல பாரு" என்று சரிவைக் காட்டினார். "சாமை அறுத்தப்புறம் துவரை நிக்கும். தை மாசம் வா, ரெண்டையும் வாங்கிட்டுப் போலாம்."