தொண்ணூறு சொல்லித் தரும் பிரெஞ்சு

ராத்திரி ஷிப்ட் விட்டு ஒரகடத்திலிருந்து கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் சீட்டில் சாய்ந்ததுமே பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். ஜன்னலோரத்து இளைஞர் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு எஞ்சினியர். கனடா போவதற்காகப் பிரெஞ்சுத் தேர்வுக்குத் தயாராகிறார்.

இந்தச் சாலைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் புதியவர்கள் அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை 2000-இல் வந்தது. ஒரகடத்தில் ரெனோ - நிசான் கார் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. ஆனாலும் லைனில் பேசுவது தமிழ், மெயிலில் எழுதுவது ஆங்கிலம். இவரைப் போன்றவர்களைப் பிரெஞ்சுப் புத்தகம் எடுக்க வைத்தது கனடாவின் புள்ளிக் கணக்கு.

'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' முறையில் வயது, படிப்பு, அனுபவம், மொழி எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. முப்பது வயதானால் வயதுப் புள்ளி குறையத் தொடங்கும். கியூபெக்குக்கு வெளியேயும் பிரெஞ்சு பேசுவோர் பெருக வேண்டும் என்பதற்காக, 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களைத் தனிச் சுற்றில் அழைக்கிறார்கள். 2024 பிப்ரவரி 29-இல் நடந்த அப்படியொரு சுற்றில் 336 புள்ளி போதுமானதாக இருந்தது. அதே மாதப் பொதுச் சுற்றுகளில் 500-க்கு மேல் தேவைப்பட்டது. நிபந்தனை ஒன்றுதான்: கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் ஏழாம் நிலையை எட்ட வேண்டும்.

பிளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்தவர்களும் இங்கே திணறுகிறார்கள். அன்று படித்தது எழுதுவதற்கு. இன்று வேண்டியது காதும் வாயும். மீனுக்கும் பானத்துக்கும் பிரெஞ்சில் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'புவாசோன்'தான். முதல் 'ப' வல்லோசையா மெல்லோசையா என்பதில்தான் பொருளே மாறுகிறது. இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் 'ப'வும் இரண்டாவது 'ப'வும் ஒரே ஓசையா? இரண்டையும் குழந்தையிலேயே பழகிய நாக்கு நம்முடையது. இடம் மாற்றிச் சொல்லத்தான் பயிற்சி வேண்டும்.

எண்களும் அப்படித்தான். பிரெஞ்சில் தொண்ணூற்றெட்டு என்றால் 'நான்கு இருபது, பத்து, எட்டு'. போன் நம்பரை இரண்டிரண்டு இலக்கமாக அவர்கள் சொல்லும் வேகத்தில் கேட்டால் தலை சுற்றும். நூறே வராத எண்ணுக்குள் நூறை வைத்துத் 'தொண்ணூறு' என்று சொல்லும் நமக்கு, எண்ணுக்குள் வேறொரு கணக்கு இருப்பது விநோதமா என்ன?

'டெஃப் கனடா' தேர்வில் பேச்சுக்குப் பதினைந்து நிமிடம். முதல் பகுதியில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து, முன்பின் அறியாதவரிடம் விவரம் கேட்க வேண்டும்: அங்கே 'வூ', அதாவது 'நீங்கள்'. அடுத்ததில் நண்பரை ஒரு காரியத்துக்குச் சம்மதிக்க வைக்க வேண்டும்: அங்கே 'த்யு', 'நீ'. மரியாதைக்கும் பன்மைக்கும் ஒரே 'வூ' வருவது நம் 'நீங்கள்' போலவேதான். ஆங்கில வழியில் பிரெஞ்சு படிப்பவர் இதற்கு விதியை மனப்பாடம் செய்கிறார். சூப்பர்வைசரிடம் 'நீங்க', ரூம்மேட்டிடம் 'நீ' என்று நாள் முழுக்க மாற்றிப் பேசுகிறவருக்கு அது எதற்கு? பயிற்சி வகுப்புகள் தமிழ் வழியாகவும் பிரெஞ்சைக் கற்றுத்தர வேண்டும்; ஷிப்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே கிடைக்கும் ஒரு மணி நேரத்தை இரண்டு மொழிகளைத் தாண்டுவதில் செலவழிக்க வைப்பது அநியாயம்.

பஸ் ஸ்ரீபெரும்புதூரை நெருங்குகிறது. "வெனே... வியேன்" என்ற முணுமுணுப்பில் பக்கத்து சீட்காரர் விழித்துக்கொள்கிறார்.

"என்னடா சொல்ற?"

"முதல்ல சொன்னது 'வாங்க'. அப்புறம் சொன்னது 'வாடா'."

"அப்ப எனக்கு ரெண்டாவது," என்கிறார் அவர், பையை எடுத்துக்கொண்டே.