பேராதனைத் தமிழ்ச் சங்கமும் நாமும்

பேராதனையைத் தழுவி வரும் மகாவலி கண்டியை வளைந்து, நாம் வாழும் குண்டசாலையையும் நனைத்துச் செல்கின்றது. அவ்வாற்றோரத்துப் பல்கலைக்கழகத்திற் பயிலும் பேறோ எமக்கு வாய்த்திலது. புள்ளிகள் சில குறைந்தன. ஆசிரியர் கலாசாலையிற் பயின்று தமிழாசிரியரானோம். பட்டமில்லாக் குறை பல்லாண்டு எம் நெஞ்சை உறுத்திற்று. அம்முள்ளை அகற்றியது பேராதனைத் தமிழ்ச் சங்கத்தார் வளர்த்த மரபே.

1942ஆம் ஆண்டு கொழும்பிலே தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இற் பேராதனைக்குப் பெயர்ந்தது. அதன் தமிழ்ச் சங்கத்தார் 'இளங்கதிர்' என்னும் ஆண்டு மலரை வெளியிட்டு வந்தனர். பேராசிரியர் கணபதிப்பிள்ளையின் நாடகங்களை மேடையேற்றினர். பின்னர்ப் பேராசிரியர் வித்தியானந்தன் நெறிப்படுத்த, மாணவர் கூத்தாட முற்பட்டனர். 1962இற் 'கர்ணன் போர்' அரங்கேறியது. 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' என்பன தொடர்ந்தன. விடியுமட்டும் வட்டக்களரியில் ஆடிய கூத்துச் சில நாழிகைக்குள் அடங்கி, நகர மேடை கண்டது.

அம்மாணவருக்குத் தாளக்கட்டும் ஆட்டமும் பயிற்றியவர் யாவர்? பட்டமேதும் பெறாத மட்டக்களப்பு அண்ணாவிமாரே! நாளைய பட்டதாரிகள் அவர்முன் மாணாக்கராய்ப் பணிந்து நின்றனர். இதனினும் சிறந்த மரபு ஒரு சங்கத்திற்கு உண்டோ?

இன்று எம் மாணவர் பேராதனைக்கு விடைபெறுங்கால் நாம் கூறுவது இதுவே: "தம்பி, சங்கத்திற் சேர், கற்பிக்க வல்லார் எவரேயாயினும் அவர்முன் பணிந்து நில்."

விழாக் காணும் நம் பழைய மாணவர் சங்கமும் பட்டம் நோக்காது, பயன் நோக்கி இருக்கை அளிக்குமாக!